சாமியறையில் ஒரு தெர்மோஸ்டாட்

இதைக் கடைசிவரை வாசிப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்களைப் போல மின்வேலை பழகும் வயதில் இருந்தபோது, ஓய்வுபெற்ற மின்வேலைக்காரர் யாராவது பழங்கதை சொல்ல வாயைத் திறந்தால், ஏணியை எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வெளியே போய்விடுவேன். அவர் சொல்லி முடித்திருப்பார் என்று உறுதியான பிறகுதான் ஏணியோடு திரும்பி வருவேன். ஆகவே நீங்களும் நழுவினால் நான் கோபிக்க மாட்டேன். ஆனால் ஆக்லாந்தில் நம்மவர் வீடுகளில் வேலை செய்யப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள். நம்மவர் வீட்டு வேலை தனி ரகம். அதற்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் பாடம் இல்லை.

வயரை எப்படி இழுப்பது, எந்த நிறத்தை எங்கே பூட்டுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே கிடைக்கும். கைபேசியில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. வாயைத் திறக்கவேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டிருப்பதும், மூடவேண்டிய நேரத்தில் திறப்பதும். இரண்டிலும் நான் கைதேர்ந்தவன்.

சின்ன உதாரணம் ஒன்று. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். காலை முழுவதும் கூரைக்குள்ளும் தரைக்கடியிலும் தவழ்ந்தேன். கடைசியில் பார்த்தால், சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவிட்ச் அணைந்திருந்தது. அதை இரகசியமாகப் போட்டுவிட்டு, தலைமுடியில் சிலந்திவலையோடு எழுந்து நின்று, "லூஸ் கனெக்‌ஷன்" என்றேன். வீட்டுக்காரர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். இந்த இரண்டு சொற்களால் காப்பாற்றப்பட்ட மானம் நம் தொழிலில் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், பக்குரங்காவில் நடந்தது இது.

சுதன் என்பவர் எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். யாழ்ப்பாணத்து ஆள், நல்ல பிள்ளை, கொஞ்சம் பகட்டு. அவரும் மனைவி வதனியும் ஒரு வீடு வாங்கியிருந்தார்கள். ஆக்லாந்தில் பெரும்பாலான வீடுகளில் சுவரில் ஒரு ஹீட் பம்ப் தொங்கும், அதோடு குளிர்காலத்துக்கான ஏற்பாடு முடிந்துவிடும். சுதனுக்கு அது போதவில்லை. அவருடைய மனேஜர் வீட்டில் பாய்லர் இருக்கிறதாம், வெந்நீர் வீடு முழுக்க ஓடுமாம், காலுறை இல்லாமல் நடக்கலாமாம். ஆகவே சுதன் வீட்டிலும் பாய்லர் வரவேண்டும்.

இதுவரை பாய்லர் வீட்டில் கைவைக்காதவர்களுக்காக ஒரு நிமிடம். பாய்லர் என்பது கராஜ் சுவரில் மாட்டும் பெட்டி. காஸில் தண்ணீரைச் சூடாக்கி, அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். எப்போது எரியவேண்டும், எப்போது அணையவேண்டும் என்று அதற்குச் சுயபுத்தி கிடையாது. வீட்டுக்குள் ஒரு சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் "குளிர்கிறது" என்று சொன்னால் எரியும், "போதும்" என்றால் அணையும். மாமியார் சொல் கேட்டு நடக்கும் மாப்பிள்ளை மாதிரி. அந்த மாமியாரை எந்த இடத்தில் உட்காரவைக்கிறோம் என்பதில்தான் முழு வீட்டின் சுகமும் இருக்கிறது.

காஸ் குழாயும் பாய்லரும் ஒரு பிஜிக்காரரின் பொறுப்பு. பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். அவருக்குத் தெரிந்த தமிழ், சாமிகளின் பெயரும் சாப்பாடுகளின் பெயரும் மட்டும். மற்றதெல்லாம் ஆங்கிலம். எனக்கு அவரைவிட நல்ல தமிழ் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக, வேலையும் அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மவர்களுக்கு இந்த வியாதி உண்டு. உங்களுக்கு இல்லை என்றால் சந்தோஷம்.

மின்சாரமும் கட்டுப்பாட்டு இணைப்புகளும் என் பொறுப்பு. தெர்மோஸ்டாட் எங்கே இருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். வீட்டின் நடுவில், உட்சுவரில், வெயில் படாமல், சூடான எதற்கும் பக்கத்தில் இல்லாமல். தொழில் பழக வந்த முதல் மாதத்திலேயே சொல்லித்தரும் பாடம். கூடத்துச் சுவரில் பென்சிலால் அடையாளமும் போட்டுவிட்டேன். அப்போதுதான் ரொறன்ரோவிலிருந்து சுதனின் பெரியப்பா வந்து சேர்ந்தார். நேரில் அல்ல, சுதனின் கைபேசிக்குள்.

பெரியப்பா கனடாவில் தபால் பிரிக்கும் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வாஸ்து பார்க்கிறார். சுதன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்து காட்டினார். நான் ஏணியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நியூசிலாந்து பூமியின் கீழ்ப்பக்கத்தில் இருப்பதால் இங்கே சூரியன் வடக்கால் போகிறது, ஆகவே திசைகள் எல்லாம் மாறும் என்றார் பெரியப்பா. வடகிழக்கில் வரவேண்டிய சாமியறையைத் தென்கிழக்குக்குத் திருப்பினார். அங்கே சாமான் வைக்கும் ஒரு குட்டி அறை இருந்தது. சரி, சாமியறை அதுதான். பிறகு, நெருப்பை ஆளுகிற எதுவும் அக்கினி மூலையில்தான் இருக்கவேண்டும் என்றார். அக்கினி மூலை எது? தென்கிழக்கு. சாமியைத் திருப்பிய மனிதர் அக்கினியைத் திருப்ப மறந்துவிட்டார். ஆக, சாமியும் அக்கினியும் ஒரே குட்டி அறையில் வந்து விழுந்தார்கள்.

"அப்ப அண்ணை, அந்த தெர்மோஸ்டாட்டைச் சாமியறைக்குள்ள வைச்சுவிடுங்கோவன்" என்றார் சுதன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த என்னை அவர் அண்ணை என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டால் எதையோ தலையில் கட்டப்போகிறார்கள் என்று அர்த்தம்.

அங்கே விளக்கு எரியும் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்தி வைப்பார்கள் என்றும் தெரியும், ஏனென்றால் சாம்பிராணிப் புகை வெளியே வந்தால் புகை அலாரம் ஊரைக் கூட்டும். அந்த அலாரத்தைப் பூட்டியவனும் நானே. இவ்வளவும் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பாவோடு வாதாட ஒரு மணி நேரம் வேண்டும். வயரை அந்த அறைக்கு இழுக்க இருபது நிமிடம் போதும். நான் இருபது நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தேன். சின்ன விளக்குத்தானே, அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும்தானே என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சோதித்துப் பார்த்த அன்று பாய்லர் முதல் தடவையிலேயே எரிந்தது. ரேடியேட்டர்கள் சூடாகின. சுதன் காலுறையைக் கழற்றிப் படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினார். நான் சான்றிதழில் எல்லாக் கட்டங்களிலும் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். சாமி விளக்குக்கு நேர் மேலே என்று எழுதுவதற்கு அதில் கட்டம் இல்லை.

புதுவீட்டில் பால் காய்ச்சி வீடு குடிபூரல் நடந்தது. இரண்டு கிழமை கழித்துச் சுதனிடமிருந்து அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீடு குளிர்கிறதாம். எந்த முட்டாளுக்கும் இந்த இடத்தில் மணி அடித்திருக்கும். எனக்கு அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை எல்லோரும் வேளைக்கு வீட்டுக்கு வந்து காஸைத் திறப்பதால் குழாயில் அழுத்தம் குறைகிறது போலும் என்று விளக்கம் சொன்னேன். என் விளக்கம் எனக்கே பிடித்திருந்தது. காஸ் என்று வந்துவிட்டால் அது பிஜிக்காரரின் பாடு அல்லவா?

அந்த மாதக் கடைசியில் வதனிக்குக் குழந்தை பிறந்தது. ஏழு கிழமை முந்திப் பிறந்த பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வதனி பகலெல்லாம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பாள். விடியற்காலையில் போகுமுன்னும், பின்னேரம் வந்து குளித்தபின்னும், சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கேற்றுவாள். வெள்ளிக்கிழமை விளக்கு அன்றாட விளக்கானது. ஒரு திரி ஐந்து திரியானது. வீடு தினமும் குளிரத் தொடங்கியது.

பிள்ளை மெல்ல மெல்லத் தேறியது. வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலை வந்ததும், ஆஸ்பத்திரியில் பொறுப்பாக இருந்த தாதி ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். பிள்ளை படுக்கிற அறையில் இருபது பாகை வெப்பம் நிலையாக இருக்குமா? சுதன் எங்கள் வீட்டில் பாய்லர் இருக்கிறது என்றாராம். வதனி பக்கத்தில் நின்று, இல்லை, எங்கள் வீடு குளிர்கிறது என்றாளாம். தாதி இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வீட்டைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று நாளைத் தள்ளிப்போட்டாள். வீடு சூடானால் பிள்ளை வரும். சூடாகாவிட்டால் வராது. வதனிக்கு உலகத்தில் அப்போது வேறு பிரச்சினையே இருக்கவில்லை.

கடையில் ஒரு ஹீட்டர் வாங்கி அந்த அறையில் வைத்தால் என்ன என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். வதனியும் அதைத்தான் கேட்டாள். பாய்லர் போட்ட வீட்டில் கடை ஹீட்டரா என்று சுதனுக்கு மானப் பிரச்சினை. நான் பூட்டிய வீட்டில் கடை ஹீட்டரா என்று எனக்கும் மானப் பிரச்சினை. ஆகவே நான் போனில் அவளுக்கு மின்சாரப் பாதுகாப்பைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஹீட்டர், திரைச்சீலை, தீ. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்கவேண்டும். நம் தொழிலில் பாதுகாப்பு என்று சொன்னால் எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை.

நான் மூன்று தடவை பார்க்கப் போனேன். மூன்றும் பகல் நேரம். விளக்கு அணைந்து பல மணி நேரம் ஆகியிருக்கும், பாய்லர் நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டிருக்கும். டாக்டரிடம் போனதும் காய்ச்சல் விட்டுவிடுவது போலத்தான். நான் விடவில்லை. பம்புக்குப் போகும் வயரை மாற்றினேன். இணைப்புப் பெட்டியில் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி மறுபடி இறுக்கினேன். தெர்மோஸ்டாட் சொல்வதைப் பாய்லருக்குக் கடத்தும் ரிலேயை மாற்றினேன். தெர்மோஸ்டாட்டை மட்டும் நான் போய்ப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பக்குரங்கா கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் நம்மவர் கடை ஒன்றில் மட்டன் ரோல் நன்றாக இருக்கும். அந்தப் பக்கம் வேலை என்றால் என் மதியச் சாப்பாடு அதுதான். மட்டன் ரோல் சாப்பிட்ட வாயோடு சாமியறைக்குள் போகக்கூடாது என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு. ஆகவே கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே போய் எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொல்லிச் சுதனிடம் கேட்பேன். அவர் எட்டிப்பார்த்துப் பதினாறு என்பார். இருபதுக்குக் கீழே, பாய்லரும் எரிகிறது, சரியாகத்தான் இருக்கிறது என்று நான் தலையாட்டுவேன். சாமிக்குக் காட்டிய மரியாதையில் பாதியைத் தெர்மோஸ்டாட்டுக்குக் காட்டியிருந்தால் அந்தப் பிள்ளை ஒரு கிழமை முந்தி வீட்டுக்கு வந்திருக்கும்.

என் பக்கத்தில் பிழை இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டதால், பிழை பாய்லருக்குள்தான் இருக்கவேண்டும். அதைச் சுதனிடம் சொன்னேன். சுதன் பிஜிக்காரரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் பொறுமையாக வந்து, பாய்லரின் மின்பலகையையே கழற்றிப் புதியதைப் போட்டார். போடும்போது என்னிடம் தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அது என் பகுதி, நான் பார்த்துக்கொள்வேன் என்றேன். எங்கே என்று கேட்ட மனிதனுக்கு யாருடையது என்று பதில் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மின்பலகை மாற்றியும் வீடு குளிர்ந்தது. சுதன் இப்போது தமிழ்ச் சனம் கூடுகிற இடமெல்லாம், அந்தக் காஸ்காரனைக் கூப்பிடாதேங்கோ என்று சொல்லத் தொடங்கினார். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தது மட்டுமல்ல, ஒரு தடவை தலையும் ஆட்டினேன்.

தாதி இரண்டாவது நாளைக் குறித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் இருவரையும் சுதன் ஒன்றாக வரச்சொன்னார். இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரியவேண்டும் என்றார். பிஜிக்காரர் கராஜில் பாய்லருக்கு முன்னால் நின்றார். நான் இணைப்புப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். பாய்லர் அழகாக எரிந்தது. ரேடியேட்டர்கள் சுட்டன. சுதன் பிள்ளையின் அறையில் ஒரு வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு, பத்தொன்பது என்று கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு வதனி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பிள்ளை பிறந்தபின் நான் இருக்கும் நேரத்தில் அவள் வீட்டில் இருந்தது அன்றுதான் முதல் தடவை. குளித்துவிட்டுச் சாமியறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் மணிச் சத்தம் கேட்டது.

கால் மணி நேரம் போயிருக்கும். என் கைக்குக் கீழே இருந்த ரிலே டிக் என்றது. பாய்லர் மூச்சை விட்டு அணைந்தது.

சுதன் அறையிலிருந்து ஓடிவந்தார். பிஜிக்காரரைப் பார்த்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொரிந்து தள்ளினார். நாளைக்கு என் பிள்ளை வரவேண்டும், உனக்கு வேலை தெரியாவிட்டால் சொல்லு, இனி இந்த ஊரில் உன்னை ஒரு தமிழனும் கூப்பிடமாட்டான் என்றார். பிஜிக்காரர் குனிந்து என் இணைப்புப் பெட்டியைப் பார்த்தார். தெர்மோஸ்டாட்டிலிருந்து வரும் கம்பிக்குரிய சின்ன விளக்கு அணைந்திருந்தது. பாய்லருக்கு ஒரு குறையும் இல்லை, அதை எரியச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். தெர்மோஸ்டாட் எங்கே?

கராஜின் உள்வாசல் வழியாக, எதிரே இருந்த சாமியறையைக் காட்டி நான் கையை நீட்டினேன். சாத்திய கதவின் அடியில் மஞ்சள் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது.

அந்தக் கதவை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். சொல்வதற்கான உரிமை முழுக்க இருந்தும் சொல்லவில்லை. நான் பேசட்டும் என்று விட்டுக்கொடுத்தார். அவருடைய மரியாதை அது. எனக்கு அப்போது அது மரியாதையாகத் தெரியவில்லை, பொறியாகத்தான் தெரிந்தது.

நான் வாயைத் திறக்குமுன் சுதன் போய்க் கதவைத் திறந்துவிட்டார். விளக்கின் ஐந்து திரியும் எரிந்துகொண்டிருந்தன. அதற்கு நேர் மேலே சுவரில் நான் பூட்டிய தெர்மோஸ்டாட் பெட்டி, விளக்கின் சூட்டை முழு வீட்டின் சூடு என்று நம்பி, இருபத்தெட்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் படித்தவர் அல்லவா, அவருக்கும் உடனே விளங்கியது. ஆனால் பாதிதான் விளங்கியது.

"நீர்தான் பாய்லரை அமத்திப்போட்டீர்" என்றார் வதனியைப் பார்த்து. "ஒவ்வொரு நாளும் நீர்தான் அமத்தியிருக்கிறீர்."

வதனி கையில் திருநீற்றுத் தட்டோடு எழுந்து நின்றாள். அவள் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. வீடு சூடாகவேண்டும், பிள்ளை வரவேண்டும் என்று காலையும் மாலையும் அவள் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் வீடு குளிர்ந்தது. குளிரக் குளிரத் திரியைக் கூட்டினாள். இவ்வளவையும் அவள் அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டாள் என்பது தெரிந்தது.

"நானோ?" என்று கேட்டாள். சுதனிடம் அல்ல, என்னிடம்.

தம்பிமாரே, தங்கைமாரே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்தப் பத்து நொடியைப் பற்றித்தான். சான்றிதழ், சட்டம், மீட்டர், எதுவும் அந்த இடத்தில் உதவிக்கு வராது. என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? லூஸ் கனெக்‌ஷன். உண்மையாகத்தான் சொல்கிறேன், அது நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள். அல்லது ஒன்றும் சொல்லாமல் நின்றிருக்கலாம், பழி தானாகவே அவள் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். விளக்கை ஏற்றியவள் அவள்தானே. ஊருக்கும் நல்ல பகிடிக் கதை ஒன்று கிடைத்திருக்கும். என் பெயர் அதில் வராது.

"இல்லை தங்கச்சி" என்றேன். "விளக்கு இருக்கவேண்டிய இடத்திலதான் இருந்தது. நான்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பிழையான இடத்தில பூட்டினனான். தெரிஞ்சுகொண்டுதான் பூட்டினனான். காஸ் பூட்டின இவரிலயும் பிழை இல்லை, பாய்லரிலயும் பிழை இல்லை."

சுதன் பெரியப்பாதானே சொன்னவர் என்று ஏதோ தொடங்கினார். பெரியப்பா கையெழுத்து வைக்கவில்லை, நான்தான் வைத்தேன் என்றேன். பிஜிக்காரர் எங்கள் பேச்சைக் கவனிக்காதவர் போலப் பாய்லரின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

அன்றைக்கும் நான் மட்டன் ரோல்தான் சாப்பிட்டிருந்தேன். வாசலில் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு வதனி, பரவாயில்லை, உள்ளே வாருங்கள் என்றாள். சாமி அந்த ரோலைப் பற்றி அன்று ஒன்றும் கேட்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியைக் கழற்றி, வேலை தொடங்கியபோது நான் பென்சிலால் அடையாளமிட்ட அதே கூடத்துச் சுவரில் பூட்டினேன். பிஜிக்காரர் கேட்காமலே டார்ச் பிடித்தார், கூரைக்குள் வயரை இழுத்துக்கொடுத்தார். வேலை முடிந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி எங்கே என்று கேட்டால் எங்கே என்று சொல் என்றார், அவ்வளவுதான். அடுத்த கிழமையே சுதன் பழிசொன்ன இடங்களுக்கெல்லாம் நான் போன் எடுத்தேன். பழி போன வேகத்தில் திருத்தம் போகாது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லவேண்டியிருந்தது. சிலர் பிறகு அவரைக் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வருத்தம் இருந்தது, நியாயமும் இருந்தது.

மறுநாள் காலை. சுதனும் வதனியும் விடியுமுன்னே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் கதவுத் திறப்புக் கொத்தை என்னிடம் தந்திருந்தார்கள். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. எட்டரை மணிக்கு வதனி போன் எடுத்தாள். தாதி பக்கத்தில் நிற்கிறாள், வீடு எப்படி என்று கேட்கிறாள் என்றாள். நான் பெருமையாகச் சுவரைப் பார்த்து, இருபது காட்டுகிறது என்றேன்.



"அண்ணை, சுவரில இருக்கிறதைப் பாத்துச் சொல்லாதேங்கோ" என்றாள். "முதல்ல சாமியறையில விளக்கை ஏத்துங்கோ. அஞ்சு திரியும். கதவைச் சாத்துங்கோ. ஒரு மணித்தியாலம் பொறுத்து, பிள்ளையின்ர அறைக்குள்ள போய், ஜாக்கெட்டைக் கழட்டிப்போட்டு, தொட்டிலுக்குப் பக்கத்தில இருந்து பாருங்கோ. உங்களுக்குக் குளிருதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

முப்பது வருடத்தில் எத்தனையோ சோதனை முறைகளைப் படித்திருக்கிறேன், எத்தனையோ படிவங்களில் கையெழுத்து வைத்திருக்கிறேன். இதைவிடச் சரியான சோதனையை எனக்கு யாரும் தந்ததில்லை. நான் பூட்டிய எந்த வீட்டிலும், அந்த வீட்டில் வாழப்போகிறவரின் இடத்தில் போய் இருந்து பார்த்ததும் இல்லை.

அன்று காலை தேநீர் மட்டும்தான் குடித்திருந்தேன். சப்பாத்தைக் கழற்றினேன். விளக்கை ஏற்றினேன், ஐந்து திரியும். கதவைச் சாத்தினேன். பிள்ளையின் அறைக்குள் போய் ஜாக்கெட்டைக் கழற்றிவைத்துவிட்டு, தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தொட்டிலில் மடித்த சின்னப் போர்வை ஒன்று இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் டிக் என்ற சத்தம் கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்கு வதனியே மறுபடி கூப்பிட்டாள்.

"குளிரேல்லை தங்கச்சி" என்றேன்.

"ஜாக்கெட் போட்டிருக்கிறியளோ?"

"இல்லை."

"அப்ப வெளிக்கிடுறம்" என்றாள்.

அவர்கள் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் நான் ஜாக்கெட்டைப் போடவில்லை.